டாக்டிகல் பூட்ஸைக் காட்டுக்குத் தயார் செய்வது எப்படி: சாக்ஸ் வாங்குவதில் தொடங்கி உலர்த்துவது வரை

டாக்டிகல் பூட்ஸ் என்று கடைகளில் விற்பவை போலீஸ், துணை ராணுவம், பாதுகாப்புப் பணியாளர்களுக்காகச் செய்யப்படுபவை. தார்ச்சாலை, சிமென்ட் தரை, மாடிப்படி, வண்டியில் ஏறி இறங்குவது, திடீர் ஓட்டம் ஆகியவற்றுக்கு அவை நன்றாக உழைக்கும். பாசி பிடித்த பாறை, மூன்று மணி நேர இறக்கம், காலை முதல் மாலை வரை விடாத ஈரம் ஆகியவை அந்த வடிவமைப்பில் பின்வரிசையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஜோடியைப் பார்த்து எடுத்து, வரிசை மாறாமல் தயார் செய்தால், மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பாலான பாதைகளில் அவை தாங்கும்.

வெளிநாடுகளில் இந்த பூட்ஸைக் காட்டுக்குப் போடுவது பற்றிய பேச்சில் வேட்டையும் வரும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் குற்றம். ஆகவே இந்த வழிகாட்டி யானைக் கணக்கெடுப்புக்குப் போகும் தன்னார்வலர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், வனத்துறை அனுமதித்த பாதைகளில் மலையேறுபவர்கள் ஆகியோருக்கானது. வேட்டைக்காரருக்குத் தேவையான அதே குணங்கள்தான் இவர்களுக்கும் தேவை: சத்தமில்லாத நடை, வழுக்காத பிடி, நாள் முழுக்க நோகாத பாதம்.

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் பூட்ஸை வாங்கிவிட்டு, பிறகு கிடைத்த சாக்ஸைப் போட்டு, நேராக மலைக்குப் போய் அங்கேதான் லேஸ் கட்டக் கற்றுக்கொள்கிறார்கள். கொப்புளம் பல நேரம் இந்த வரிசைக் குழப்பத்தால் வருவது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

## 1. எந்தத் தரையில் நடக்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாக் காட்டுக்கும் ஒரே ஜோடி போதாது. வால்பாறை, மாஞ்சோலை போன்ற மழைக்காட்டுப் பகுதிகளில் ஈரம், வேர், பாசி, ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி. சத்தியமங்கலத்திலும் மசினகுடியைச் சுற்றிய முட்காட்டிலும் சூடு, கூர்கல், முள். நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிச் சரிவில் காலைப் பனி, காய்ந்த புல்லின் வழுக்கல், நீண்ட இறக்கம்.

மழைக்காட்டுக்கு வேண்டியது தண்ணீரை வெளியே விட்டுச் சீக்கிரம் காயும் பூட்ஸ். முட்காட்டுக்கு வேண்டியது முள் ஏறாத அடிப்பாகமும் கனத்த தோலும். இரண்டும் எதிரெதிர்த் தேவைகள். அடிக்கடி போகும் இடம் எதுவோ அதற்கு வாங்குங்கள். எப்போதாவது போகும் இடத்தில் கொஞ்சம் சிரமப்படலாம்.

## 2. பூட்ஸுக்கு முன்னால் சாக்ஸ் வாங்குங்கள்

சாக்ஸின் தடிமன்தான் அளவை முடிவு செய்கிறது. ஆபீஸுக்குப் போடும் மெல்லிய சாக்ஸோடு பூட்ஸைப் போட்டுப் பார்த்து வாங்கினால், காட்டில் தடித்த சாக்ஸ் போட்டதும் விரல்கள் நெரிபடும்.

பருத்தி சாக்ஸ் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். ஊறிய தோலில் ஈரத்துணி உராய்ந்தால் ஒரு மணி நேரத்தில் கொப்புளம். மெரினோ கம்பளியும் நைலானும் கலந்தது நல்லது. அந்த விலை கட்டாதென்றால் பாலியஸ்டர், நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் போதும். பூட்ஸின் மேல்விளிம்பைத் தாண்டி இரண்டு அங்குலமாவது சாக்ஸ் மேலே வர வேண்டும். இல்லையென்றால் விளிம்பு கெண்டைக்காலை அறுக்கும்.

நடக்க இரண்டு ஜோடி, இரவில் மட்டும் போட ஒரு ஜோடி. அந்த மூன்றாவது ஜோடியை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் பகலில் எடுக்காதீர்கள். இரவு ஏழெட்டு மணி நேரம் பாதம் உலர்ந்தால்தான் மறுநாள் தோல் தாங்கும்.

மழைக்காட்டுக்கு அட்டை சாக்ஸ் கட்டாயம். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் உறை அது. வழக்கமான சாக்ஸுக்கு மேல், பூட்ஸுக்கு உள்ளே போட வேண்டும். அதற்கும் தடிமன் உண்டு என்பதால் கடைக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள்.

## 3. கடையில் முதலில் சோலைப் புரட்டிப் பாருங்கள்

மேலே என்ன தோல், எத்தனை கொக்கி என்பதெல்லாம் பிறகு. காட்டில் டாக்டிகல் பூட்ஸ் முதலில் தோற்பது சோலில்தான், அதனால் பரிசோதனையும் அங்கே தொடங்க வேண்டும்.

பற்களின் ஆழம். பல டாக்டிகல் மாடல்களில் பற்கள் 2 அல்லது 3 மி.மீ. ஆழம்தான் இருக்கும். சமதரையில் ஓட அது வசதி. செம்மண் சேற்றில் ஐந்து நிமிடத்தில் நிரம்பி வழுவழுப்பாகிவிடும். 4 முதல் 5 மி.மீ. ஆழம் தேடுங்கள்.

பற்களுக்கு இடையே இடைவெளி. சுண்டுவிரல் நுனி உள்ளே போக வேண்டும். நெருக்கமான பற்களில் சிக்கிய சேறு தானாக விழாது. ‘பனாமா சோல்’ என்ற வகையில் பற்கள் சாய்வாக, அகலமான இடைவெளியோடு இருக்கும். நடக்க நடக்கச் சேற்றைத் தள்ளிவிடும்படி காட்டு பூட்ஸுக்கென்றே வந்த வடிவம் அது. சேற்றில் மிக நல்லது, ஈரப்பாறையில் சுமார்.

ஹீலின் படி. சோலைப் பக்கவாட்டில் பாருங்கள். ஹீல் தொடங்கும் இடத்தில் செங்குத்தான படி தெரிய வேண்டும். இறக்கத்தில் மண்ணைக் கடித்து நிறுத்துவது அந்த விளிம்புதான். ஓடும் ஷூ போல அடிப்பாகம் முழுக்க ஒரே தட்டாக இருந்தால் புல்வெளிச் சரிவில் உட்கார்ந்தே இறங்க வேண்டியிருக்கும்.

ரப்பரின் கடினம். கட்டைவிரல் நகத்தால் பல்லை அழுத்துங்கள். லேசாகப் பதிந்து மீண்டு வந்தால் பாறையில் பிடிக்கும். கல் போல இருந்தால் சோல் பல வருடம் தேயாது, ஈரப்பாறையிலும் பிடிக்காது. எண்ணெய் தாங்கும் சோல் என்று விற்பவை பொதுவாக இந்தக் கடின வகை.

வழுக்காது என்ற முத்திரையை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. ‘எஸ்ஆர்சி’ என்று அச்சிட்டிருந்தால், சோப்புக் கரைசல் ஊற்றிய செராமிக் டைலிலும் கிளிசரின் பூசிய இரும்புத் தகட்டிலும் சோதித்துத் தேறியது என்று பொருள். தொழிற்சாலைத் தரைக்கு அது சரியான சோதனை. ஓடைப் பாறையின் பாசியைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை.

முறுக்கிப் பாருங்கள். ஒரு கையில் முனையையும் மறு கையில் குதிகாலையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாகச் சுழன்றால் வேர்களிலும் உருளைக் கற்களிலும் நடக்கும்போது உங்கள் பாதம்தான் அந்த முறுக்கை வாங்கும். அடுத்து முனையை மேல்நோக்கி மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும். உள்ளங்கால் வளைவில் மடிந்தால் உள்ளே தாங்குதட்டு இல்லை என்று அர்த்தம், அதை வாங்காதீர்கள்.

நடு அடுக்கு. வெளி சோலுக்கும் பாதத்துக்கும் நடுவே இருக்கும் மெத்தை இருவகை. இவிஏ நுரை எடை குறைவு. ஆனால் சுமையோடு நடந்தால் சில மாதங்களில் அமுங்கிப் போகும், முள்ளும் எளிதில் ஏறும். பாலியூரிதேன் கனமானது, நீண்ட நாள் அமுங்காது. அதற்கு ஒரு பெரிய குறை உண்டு: காற்றின் ஈரத்தோடு வேதிவினை நடந்து, போடாமல் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உதிரும். சென்னை, நாகர்கோவில் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது இன்னும் வேகம். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக் இதனால்தான் ஆபத்து. நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை) உட்புறச் சீட்டில் தயாரித்த மாதமும் வருடமும் இருந்தால் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேற்பட்டதை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் நகத்தால் அழுத்தும்போது பொடியாக உதிர்ந்தாலோ நுண்விரிசல் தெரிந்தாலோ, முதல் நாளே காட்டில் சோல் கழன்று கையில் வரும்.

ஒட்டியதா, தைத்ததா. பெரும்பாலான டாக்டிகல் பூட்ஸ் பசையால் ஒட்டப்பட்டவை. எடை குறையும், வளையும், விலையும் குறைவு. தொடர்ந்து ஊறிக் காயும்போது முனையில் வாய் பிளப்பது இவைதான். விளிம்பைச் சுற்றித் தையல் ஓடுபவை கனம். ஆனால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து சோல் மாற்றலாம். ஒட்டியதைத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முனையில் ரப்பர் மேலேறி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூடி பிளவை வெகுநாள் தள்ளிப் போடும்.

முட்காட்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சீமைக்கருவேல முள், உடை முள் இரண்டும் இவிஏ அடியைத் துளைத்து, உள்ளே பாதம் படும் இன்சோல் வரை வரும். உள்ளே துளைதடுப்புத் தட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இரும்பைவிட நெய்த இழைத் தட்டு மேல்: எடை குறைவு, பாதத்தோடு வளையும்.

## 4. மேல்பகுதியில் வேண்டியதும் வேண்டாததும்

தண்ணீர் புகாத சவ்வு. கோர்டெக்ஸ் போன்ற சவ்வு உள்ள பூட்ஸ்தான் மழைக்கு ஏற்றது என்று பலரும் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழைக் காட்டில் அது பெரும்பாலும் எதிராகவே வேலை செய்யும். உள்ளே இருக்கும் ஆவி வெளியே போக, வெளிக்காற்று உள்ளிருப்பதைவிட உலர்ந்ததாக இருக்க வேண்டும். சூடும் புழுக்கமும் சேர்ந்த இடத்தில் அந்த வேறுபாடு குறைவு, அதனால் வியர்வை உள்ளேயே தங்கும். முழங்கால் ஆழ ஓடையைக் கடந்தால் தண்ணீர் மேலிருந்து உள்ளே இறங்கும். பிறகு அதே சவ்வு அதை வெளியே விடாது. ஊறிய சவ்வு பூட்ஸ் காய இரண்டு நாள்கூட ஆகும். சவ்வு இல்லாத நைலான் பூட்ஸ் நடக்க நடக்கவே பாதி காய்ந்துவிடும்.

டிசம்பர், ஜனவரியில் நீலகிரிப் புல்வெளியின் குளிர்ந்த பனிக்காலையில் நடப்பவருக்குச் சவ்வு நல்ல துணை. அந்த ஒரு சூழலுக்குத்தான் அதற்குப் பணம் கொடுக்கலாம்.

பக்க ஜிப். காட்டுக்கு வேண்டாம். பணிக்கு அவசரமாகக் கிளம்புபவருக்கான வசதி அது. சேறு பற்களில் காய்ந்தால் ஜிப் ஏறாது. பாதியில் உடைந்தால் அந்த பூட்ஸைக் காலில் நிறுத்த வழியில்லை. தண்ணீரும் மணலும் அந்தக் கோட்டில்தான் முதலில் நுழையும். ஏற்கெனவே ஜிப் வைத்ததுதான் இருக்கிறது என்றால், பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து மெழுகுவத்தியைப் பற்களில் தேய்த்துவிட்டுப் போங்கள். நடக்கும்போது ஜிப்பைத் தொடாதீர்கள், லேஸை மட்டும் பயன்படுத்துங்கள்.

நாக்கு. இருபுறமும் மேல்பகுதியோடு மடிப்பாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். தனியாகத் தொங்கும் நாக்கின் ஓரம் அட்டைக்கும் மணலுக்கும் திறந்த வாசல். தையல் எந்த உயரம் வரை போகிறது என்று விரல் விட்டுப் பாருங்கள். கணுக்காலைத் தாண்டியாவது போக வேண்டும்.

உயரம். ஆறு அங்குலம், எட்டு அங்குலம் இரண்டும் கிடைக்கும். எட்டு அங்குலம் இருந்தால் கணுக்கால் பிசகாது என்பது தவறான நம்பிக்கை. பிசகைத் தடுப்பதில் பெரிய பங்கு குதிகாலைச் சுற்றிய கெட்டியான கிண்ணத்துக்கு. பின்பக்கத்தை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உயரம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. முள், கல், பாம்பு ஆகியவற்றுக்கு எதிராக உயரம் உதவும். பாம்புக்கடியில் பெரும்பங்கு பாதத்திலும் கணுக்காலிலும் விழுவதால் எட்டு அங்குலத் தோல் நல்ல தடுப்பு. நைலான் துணிப் பகுதியை அப்படி நம்ப முடியாது.

இரும்பு முனை. 200 ஜூல் அடியைத் தாங்கும் பாதுகாப்பு முனை தொழிற்சாலைக்கு. இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் விரல் நகம் அந்த இரும்பில் மோதும், நகம் கறுத்து விழும்.

எடை. ஜோடி 1.2 முதல் 1.4 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. காலில் கூடும் ஒரு கிலோ முதுகில் கூடும் நாலைந்து கிலோவுக்கு இணையாகச் சோர்வு தரும்.

சத்தம். கடையிலேயே பத்தடி நடந்து கேளுங்கள். நாக்கு தோலோடு உரசிக் கிறீச்சிடுகிறதா, உலோக வளையங்கள் கிணுகிணுக்கின்றனவா? கணக்கெடுப்பில் இது சின்ன விஷயமே அல்ல. யானைக் கூட்டம் பார்வைக்கு வரும் முன் உங்கள் சத்தம் அதை எட்டிவிடும். பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது, சில நேரம் உங்கள் பாதுகாப்பும் இருக்காது.

## 5. அளவு பார்ப்பது

மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், காட்டில் இருக்கப்போகும் அளவும் அதுதான்.

இந்தியக் கடைகளில் எழுதியிருப்பது பெரும்பாலும் யுகே அளவு. இறக்குமதி டாக்டிகல் பூட்ஸில் யுஎஸ் அளவு இருக்கும். ஆண்களுக்கு யுகே 8 என்பது ஏறத்தாழ யுஎஸ் 9. இதைப் பார்க்காமல் இணையத்தில் வாங்கி ஓர் அளவு சிறியதாகப் பெறுபவர்கள் பலர்.

1. இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதத்தின் பக்கங்கள் வெளியே வழிந்தால் அகலம் போதாது. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். அகல வகை இருந்தால் கேளுங்கள். அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டி வாங்கினால் குதிகால் ஆடும்.
2. வாங்கி வைத்த சாக்ஸ் எல்லாவற்றையும் போட்டு, லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும்.
3. லேஸ் கட்டிச் சாய்தளத்தில் அல்லது படிக்கட்டில் இறங்குங்கள். பெருவிரல் முனையைத் தொட்டால் அரை அளவு கூட்டுங்கள். மலையில் நகம் போவது எப்போதும் இறக்கத்தில்.
4. ஏறும்போது குதிகால் தூக்குவதைக் கவனியுங்கள். 5 மி.மீ. வரை பழகும்போது சரியாகும். அதற்கு மேல் என்றால் வேறு மாடல் பாருங்கள்.
5. முழுக்கக் குந்தி உட்காருங்கள். விளிம்பு கெண்டைக்காலிலோ குதிகால் நரம்பிலோ குத்தினால் அது பழகிப் போகாது.

## 6. இன்சோலைப் பழக்குவதற்கு முன்பே மாற்றுங்கள்

கூட வரும் இன்சோல் பெரும்பாலும் மெல்லிய நுரை. மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும். புது இன்சோல் பாதத்தை இரண்டு மூன்று மி.மீ. உயர்த்தும், அதனால் உரசும் இடங்களும் மாறும். பழக்கிய பிறகு மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கழற்றக்கூடியதாகவே வாங்குங்கள், ஒட்டாதீர்கள். தனியே எடுத்து உலர்த்த வேண்டிவரும்.

## 7. மூன்று வாரம் பழக்குங்கள்

முதல் வாரம் வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம். இந்த வாரம் வெளியே போகாதீர்கள், அளவு சரியில்லையென்றால் அழுக்கில்லாத பூட்ஸைத்தான் கடைக்காரர் திரும்ப எடுப்பார்.

இரண்டாவது வாரம் தெருவில் 3 கிலோமீட்டர், பிறகு 5. உடன் மாடிப்படி பத்து முறை ஏறி இறங்குங்கள். தோல் மடியும் இடம் இந்த நாட்களில்தான் நிலையாகும்.

மூன்றாவது வாரம் முதுகில் 5 கிலோ பையோடு அருகிலுள்ள குன்று அல்லது கரடான பாதை. கடைசி நாளில் பூட்ஸை வேண்டுமென்றே நனைத்து ஒரு மணி நேரம் நடங்கள். ஈரத்தில் தோல் தளரும், சாக்ஸ் நழுவும். அந்த நிலையில் எங்கே உரசுகிறது என்பதை ஊரிலேயே தெரிந்துகொண்டால் அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கிளம்பலாம்.

புது பூட்ஸை வாளித் தண்ணீரில் இரவெல்லாம் ஊற வைத்துக் காலில் காய விடும் பழைய முறை, தைத்த முழுத்தோல் பூட்ஸ் காலத்தது. ஒட்டிய சோலுக்கு அது கேடு.

## 8. லேஸ் கட்டும் முறை

ஒரே இறுக்கமாக மேலே வரை கட்டுவதுதான் பொதுவான தவறு. பாதம், கணுக்கால், கெண்டைக்கால் மூன்றுக்கும் மூன்று இறுக்கம் தேவை.

1. குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளுங்கள். விரல்கள் மேலே பார்க்கட்டும்.
2. விரல் பகுதியின் துளைகளில் தளர்வாக விடுங்கள். வீங்க இடம் வேண்டும்.
3. கணுக்கால் வளையும் இடத்துக்கு வந்ததும் லேஸ்களை ஒன்றோடொன்று ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை சுற்றி இழுங்கள். இந்த இரட்டைச் சுற்று கீழ் இறுக்கத்தையும் மேல் இறுக்கத்தையும் தனித்தனியாகப் பூட்டும்.
4. அடுத்த கொக்கிக்கு மேலே ஏற்றி அங்கேயும் ஓர் இரட்டைச் சுற்று. குதிகால் தூக்குவது இதில் பெரும்பாலும் நின்றுவிடும்.
5. மேல் கொக்கிகளில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு. முடிச்சின் வால்களை உள்ளே செருகுங்கள். தொங்கும் லேஸை உண்ணிச்செடியும் புதர்க்கொடியும் பிடித்து இழுக்கும்.

ஏற்றத்தில் மேல்பகுதியைத் தளர்த்துங்கள், கணுக்கால் முன்னே மடங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன் நின்று, கணுக்கால் பூட்டை மீண்டும் இறுக்குங்கள். இந்த இரண்டு நிமிடத்தைச் சோம்பலால் விடுபவருக்குத்தான் நகம் கறுக்கிறது.

## 9. காட்டுக்குள்

காலையில் தட்டுங்கள். இரவில் வெளியே வைத்த பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து ஒன்றோடொன்று தட்டிவிட்டுப் போடுங்கள். உள்ளே கையை விட்டுத் தேடாதீர்கள். தேளுக்கும் பூரானுக்கும் இருட்டும் வெதுவெதுப்பும் பிடிக்கும்.

அட்டை. பேண்ட்டை அட்டை சாக்ஸுக்குள் செருகி மேலே நாடாவை இறுக்குங்கள். சாக்ஸின் வெளிப்புறத்தில் மூக்குப்பொடியை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவலாம். உப்புக் கரைசலை பூட்ஸில் ஊற்றாதீர்கள்: தோல் வறண்டு வெடிக்கும், துளை வளையங்கள் துருப்பிடிக்கும். டீட் கலந்த பூச்சிவிரட்டி சில பிளாஸ்டிக்குகளையும் செயற்கை இழைகளையும் கரைக்கும் என்பதால் அதையும் பூட்ஸில் படாமல் பருத்தித் துணியில் மட்டும் பயன்படுத்துங்கள். வடிகால் துளைகள் உள்ள காட்டு பூட்ஸ் என்றால், அவற்றின் வலைமூடி கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெலிந்த அட்டைக்கு அந்தத் துளையே போதும்.

ஓடை. பூட்ஸைக் கழற்றி வெறுங்காலில் கடக்காதீர்கள். நனையாத பூட்ஸைவிட உடையாத கால் முக்கியம். இன்சோலையும் சாக்ஸையும் மட்டும் கழற்றிப் பையில் வைத்து, வெற்றுப் பாதத்தில் பூட்ஸைப் போட்டு இறுக்கிக் கடக்கலாம். அக்கரையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, துணியால் உள்ளே ஒற்றி, உலர்ந்த இன்சோலையும் சாக்ஸையும் போட்டு நடையைத் தொடரலாம்.

ஈரப்பாறை. கருப்பாக மின்னும் பாறையிலும் பச்சைப் பூச்சு படர்ந்த பாறையிலும் எந்த சோலும் பிடிக்காது. சுற்றிப் போங்கள், முடியாவிட்டால் பாதம் முழுவதையும் தட்டையாக வைத்துச் சிறு எட்டு எடுங்கள். விளிம்பில் நின்றால் ரப்பர் தொடும் பரப்பு குறையும். வேரின் மேல் மிதிக்காமல் தாண்டி வையுங்கள்.

சூடு தெரிந்த இடம். எங்காவது உரசிச் சூடாக உணர்ந்தால் அந்த நிமிடமே நில்லுங்கள். துடைத்து உலர்த்தி அகலமான பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டுவது வலியைக் குறைக்கும், நடையைக் காப்பாற்றாது. குழுவைக் காக்க வைக்கக் கூச்சப்பட்டு ஒரு மணி நேரம் நடந்தவரால் மறுநாள் குழு முழுவதும் காத்திருக்க வேண்டிவரும்.

மதிய ஓய்வில் இருபது நிமிடமாவது பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றிக் காற்றில் விடுங்கள். அட்டை உள்ள இடத்தில் இதைப் பாறை மேல் உட்கார்ந்து செய்யுங்கள். நாள் முழுக்க ஊறிய பாதம் வெளிறிச் சுருங்கும், இரண்டாவது நாளில் தோல் உரியும்.

## 10. திரும்பியதும் உலர்த்துவது

பூட்ஸின் ஆயுளை முடிவு செய்வது காடு மட்டும் அல்ல, திரும்பி வந்த முதல் இரண்டு நாட்களும்தான்.

1. சேற்றை ஈரமாக இருக்கும்போதே கழுவுங்கள். காய்ந்த சேறு தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும். சாதாரணத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். துணி துவைக்கும் தூள் வேண்டாம்.
2. லேஸை முழுக்க உருவி, இன்சோலை எடுத்து, நாக்கை வெளியே இழுத்து விரித்து வையுங்கள்.
3. செய்தித்தாளைக் கசக்கி முனைவரை திணியுங்கள். முதல் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒரே தாளை இரவெல்லாம் விட்டால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைக்கும்.
4. மின்விசிறிக் காற்றில், நிழலில், பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

அடுப்பு, கேம்ப் நெருப்பு, ஹேர் டிரையர், மொட்டைமாடி வெயில் எதுவும் கூடாது. சூட்டில் பசை இளகும், தோல் சுருங்கி மடிப்பில் வெடிக்கும். கேம்ப் நெருப்பில் காய வைத்த பூட்ஸ் வெளியே காய்ந்து, மறுநாள் ஏற்றத்தில் முனை பிளப்பது அடிக்கடி நடப்பது.

முழுக்கக் காய்ந்த பிறகே மெழுகு. ஈரத்தின் மேல் மெழுகு பூசினால் அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். வழவழப்பான தோலுக்குத் தேன்மெழுகு கலந்த பாலிஷை மடிப்பிலும் தையலிலும் மெல்லியதாகத் தேயுங்கள். சொரசொரப்பான தோலுக்கு மெழுகு வேண்டாம், நீர்விரட்டித் தெளிப்பான் போதும். தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் பழக்கம். அது தோலை அளவுக்கு மேல் இளக்கி, குதிகால் கிண்ணத்தின் பிடியைக் கெடுத்துவிடும்.

வெள்ளைப் பூஞ்சை வந்துவிட்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, மறுபடி நிழலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் பூட்ஸைப் பெட்டிக்குள்ளும் பாலித்தீன் பைக்குள்ளும் வைக்காதீர்கள். திறந்த அலமாரியே சரி. மாதம் ஒரு முறையாவது போட்டு நடங்கள்.

## 11. பழுதும் கழிக்க வேண்டிய நேரமும்

காட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய பழுதுச் சாமான்: இரண்டு மீட்டர் துணி நாடாப் பசைத்தாள் (டக்ட் டேப்), நான்கு நைலான் கட்டு (ஜிப் டை), ஒரு கூடுதல் லேஸ், கோணி ஊசி, நைலான் நூல். முனை பிளந்தால் உலர்த்தித் துடைத்து, பசைத்தாளை முனையைச் சுற்றி மூன்று சுற்று சுற்றி, மேலே நைலான் கட்டுப் போடுங்கள். அன்று இறங்கி வர அது போதும்.

வீட்டில் ஒட்டும்போது நொடியில் பிடிக்கும் பசையைத் தொடாதீர்கள். அது கண்ணாடிபோல் இறுகி, சோல் வளைந்த முதல் எட்டிலேயே நொறுங்கும். அதன் படிவம் மீதி இருந்தால் நல்ல பசையும் அங்கே ஒட்டாது. செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் ரப்பர் பசைதான் சரி. இருபுறமும் உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லியதாக இரண்டு பக்கமும் பூசி, பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு அழுத்தி ஒரு நாள் எடையின் கீழ் வைக்க வேண்டும். ஈரத்தோடு பூசுவதும் காயவிடாமல் அழுத்துவதும்தான் அது மறுபடி திறக்கக் காரணம். ஒட்டிய பிறகு முனையைச் சுற்றி ஒரு வரிசை கைத்தையல் போடச் சொல்லுங்கள்.

முன்பாதத்தின் பற்கள் 2 மி.மீ. ஆகத் தேய்ந்துவிட்டால் அந்த ஜோடியைச் சமதரைக்கு மாற்றுங்கள். பூட்ஸை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் நடு அடுக்கு அமுங்கிவிட்டது. அதோடு சுமை தூக்கி நடந்தால் முழங்கால் வலிக்கும். பாலியூரிதேன் உதிரத் தொடங்கியதைப் பசையால் காப்பாற்ற முடியாது. பக்கவாட்டில் முதல் விரிசலைப் பார்த்த அன்றே அந்த ஜோடியைக் காட்டுப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த ஜோடியை வாங்கிப் பழக்க எப்படியும் மூன்று வாரம் வேண்டும், கணக்கெடுப்புத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வாங்குங்கள்.